ஒரு மடிக்கணினி, மூன்று பிள்ளைகள், மூன்று அதிகாரங்கள்: ஐசிவிக்ஸ் விளையாட்டுகள் பற்றி

இங்கே அமெரிக்காவில் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "குடிமையியல் பாடத்துக்கு வீட்டில் எப்படி உதவுவது? நமக்கே இந்த ஊர் அரசாங்கம் சரியாகப் புரியவில்லையே!" அவர்களிடம் நின்றபடியே சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஐசிவிக்ஸ் என்பது இணையத்தில் இருக்கும் குடிமையியல் விளையாட்டுகளின் தொகுப்பு. லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது. காசு கேட்பதில்லை. கணக்குத் தொடங்காமலேயே உலாவியில் திறந்து விளையாடலாம். ஆசிரியர்களுக்கு இதனோடு பாடத் திட்டங்களும் கிடைக்கின்றன. நியூ ஜெர்சியில் நடுநிலைப் பள்ளிகள் குடிமையியல் கற்பித்தே ஆக வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு லாரா வூட்டன் என்ற அம்மையாரின் பெயர். 79 ஆண்டுகள் வாக்குச்சாவடியில் பணியாற்றியவர். அப்படி ஒருவரின் பெயரைத் தாங்கிய பாடத்தை வினா விடையாக மனப்பாடம் செய்து முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த விளையாட்டுகளை என் ஏழாம் வகுப்பு மகளோடு உட்கார்ந்து விளையாடத் தொடங்கினேன்.

இதைத் தொடங்கியவர் யார் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சாண்ட்ரா டே ஓ'கானர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1981இல் பதவியேற்று 2006இல் ஓய்வு பெற்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் எப்படி நடக்கிறது என்பதே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறதே என்ற கவலையில் 2009இல் இந்த முயற்சியைத் தொடங்கினார். 2023 டிசம்பரில் மறைந்தார். உச்ச நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன் அரிசோனா மாநிலத்தில் அவர் அரசின் துணை வழக்கறிஞராக இருந்தார், பிறகு மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் உறுப்பினராகவும் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராகவும் இருந்தார், அதன் பிறகு நீதிபதியானார். நிர்வாகம், சட்டமன்றம், நீதிமன்றம் என்று மூன்று கிளைகளிலும் சம்பளம் வாங்கிய மனிதர். மூன்றும் ஒன்றையொன்று எங்கே உரசும் என்று உள்ளிருந்து பார்த்தவர் தொடங்கிய பாடம் என்பதால் இதன் மேல் எனக்குத் தனி மரியாதை.

முதலில் 'பிராஞ்சஸ் ஆஃப் பவர்'. பள்ளியில் அதிகம் பயன்படுவதும் இதுதான். விளையாடுபவரே ஜனாதிபதியாக இருந்து எந்தப் பிரச்சினைக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்க வேண்டும். அவரே காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, உறுப்பினராகி மசோதாவை எழுதி நிறைவேற்ற வேண்டும். பிறகு அவரே நீதிபதியின் அங்கியைப் போட்டுக்கொண்டு அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு சட்டம் எங்கே பிறந்து எங்கெல்லாம் போய்வருகிறது என்ற பாதையைக் காட்டுவதில் இதைவிடத் தெளிவான வழியை நான் பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்ட படத்தை எத்தனை முறை பார்த்தாலும் பதியாத வரிசை, விளையாடினால் கையோடு பதிந்துவிடுகிறது.

ஆனால் இதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. மூன்று அதிகாரமும் ஒரே ஆளின் கையில் இருந்தால் அவர்களுக்குள் சண்டை எங்கிருந்து வரும்? ஜனாதிபதியாக விரும்பியதைக் காங்கிரஸ் உறுப்பினராக எழுதி, நீதிபதியாக ஏற்றுக்கொண்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடுகிறது. அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் அப்படிச் சுமுகமாக முடியக் கூடாது என்றுதான் மூன்றாகப் பிரித்தார்கள். ஒருவரின் அதிகார வேட்கையை இன்னொருவரின் அதிகார வேட்கைதான் தடுத்து நிறுத்த வேண்டும் என்று ஜேம்ஸ் மேடிசன் 1788இலேயே எழுதிவைத்தார். தனியாக விளையாடும் பிள்ளைக்கு அந்த உரசல் தெரியாமலே போகும்.

இதற்கு நான் கண்ட வழி எளிமையானது. மூன்று பிள்ளைகளை ஒரே மடிக்கணினி முன் உட்கார வைத்தேன். என் மகள், எங்களோடு கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மகன், பக்கத்து வீட்டுச் சிறுமி. சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு கிளை. எந்தக் கிளையின் வேலை திரையில் வருகிறதோ அந்தப் பிள்ளை மட்டும்தான் மவுஸைத் தொடலாம். மற்ற இருவரும் பேசலாம், கெஞ்சலாம், மிரட்டக் கூடாது. விதி அவ்வளவுதான்.

கால் மணி நேரத்தில் வீடு இரண்டுபட்டது. ஜனாதிபதியான அண்ணன் மகன் தேர்ந்தெடுத்த பிரச்சினையை என் மகள் மசோதாவாக எழுதும்போது தனக்குப் பிடித்தபடி மாற்றினாள். "நான் சொன்னது இது இல்லை!" என்று அவன் கத்தினான். "நீ சொல்லலாம், எழுதுவது நான்தான்" என்றாள் அவள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவன் கையைக் கட்டிக்கொண்டான். நிஜத்தில் இந்த நிலை வந்தால் என்ன ஆகும் என்று அப்போது சொல்லிக்கொடுத்தேன்: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்தால் ஜனாதிபதியின் மறுப்பைத் தாண்டிச் சட்டமாக்கலாம். "எனக்கு ஒரு ஓட்டுதானே, மூன்றில் இரண்டுக்கு எங்கே போவது?" என்று மகள் கேட்டாள். அங்கேதான் பேரம் தொடங்கியது. அவள் ஒரு பிரிவை விட்டுக்கொடுத்தாள், அவன் கையெழுத்திட்டான்.

இத்தனைக்கும் நடுவில் நீதிபதியான பக்கத்து வீட்டுச் சிறுமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆன்ட்டி, எனக்கு எப்போது வேலை வரும்? அவர்கள் எழுதும்போதே தப்பு என்று நான் சொல்லக் கூடாதா?" என்றாள். கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தாமாகப் போய்ச் சட்டத்தைத் திருத்துவதில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் வழக்கோடு வாசலுக்கு வர வேண்டும். சட்டம் பிறக்கும் முன்பே கருத்துச் சொல்லும் வழக்கமும் அவற்றுக்கு இல்லை. அந்தக் காத்திருப்பின் எரிச்சலை ஒரு பத்து வயதுப் பிள்ளை உணர்ந்துவிட்டால் நீதித்துறையைப் பற்றி அவளுக்கு வேறு எதையும் அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அவளுடைய முறை வந்தபோது, மற்ற இருவரும் அவ்வளவு பாடுபட்டுச் செய்த சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் தன் விரல் நுனியில் இருக்கிறது என்று தெரிந்து ஒரு நொடி தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்காகவே இந்த விளையாட்டுக்கு என் முழு மதிப்பெண்.

இந்தியாவில் படித்த பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இதில் உண்டு. நமக்கு அமைச்சர் என்றால் அவர் எம்.எல்.ஏ. அல்லது எம்.பி. உறுப்பினராக இல்லாமல் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். ஆட்சி நடத்துபவர்கள் அவைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள் என்று பழகிவிட்டோம். அமெரிக்காவில் இது நேரெதிர். காங்கிரஸ் உறுப்பினராக இருப்பவர் அதே நேரத்தில் நிர்வாகப் பதவி வகிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவே இடம் கொடுப்பதில்லை. 2025 ஜனவரியில் மார்கோ ரூபியோ வெளியுறவு அமைச்சரானபோது செனட் உறுப்பினர் பதவியை விட்டுவிட்டுத்தான் போனார். திருநெல்வேலியில் பள்ளிப் படிப்பை முடித்த எனக்கு இந்த ஒரு வேறுபாடு பிடிபட்ட பிறகுதான் இங்கே ஜனாதிபதி சொல்வது ஏன் காங்கிரஸில் அப்படியே நடந்துவிடுவதில்லை என்பது விளங்கியது. விளையாட்டில் இது தானாக வெளிப்படாது. நாம்தான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

அடுத்து 'டூ ஐ ஹேவ் எ ரைட்?'. இந்தத் தொகுப்பின் மணிமகுடம் இதுதான் என்பேன். பிள்ளை ஒரு சட்ட அலுவலகம் நடத்துகிறது. ஒவ்வொரு கட்சிக்காரராக, அதாவது வழக்குத் தொடுக்க விரும்புபவராக, உள்ளே வந்து தன் குறையைச் சொல்கிறார். அவருக்கு அரசியலமைப்பு தரும் உரிமை எதுவும் இதில் மீறப்பட்டிருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும். மீறப்பட்டிருந்தால், அந்த உரிமையில் தேர்ந்த வழக்கறிஞரிடம் அவரை அனுப்ப வேண்டும். இல்லையென்றால், இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். காக்க வைத்தால் எழுந்து போய்விடுகிறார்கள். வெல்லும் வழக்குகளில் கிடைக்கும் மதிப்பைக் கொண்டு புதிய வழக்கறிஞர்களைச் சேர்க்கலாம், அலுவலகத்தை மேம்படுத்தலாம். உரிமைப் பட்டியல் எனப்படும் அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களை மட்டும் கொண்ட தனிப் பதிப்பும் உண்டு. சிறிய பிள்ளைகளுக்கு அது போதும்.

'இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுப்பதுதான் இதன் சிறப்பு. பிள்ளைகளுக்கு அநியாயத்தைக் கண்டால் உடனே கோபம் வருகிறது, உரிமை மீறப்பட்டுவிட்டது என்கிறார்கள். மகள் முதலில் வந்தவர்கள் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று அழுத்திக்கொண்டே போனாள், மதிப்பு மளமளவென்று இறங்கியது. பிறகு ஒரு கட்சிக்காரரின் கதையை இரண்டு முறை படித்துவிட்டு, "அம்மா, அவருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் செய்தது அரசாங்கம் இல்லையே?" என்று கேட்டாள். சட்டக் கல்லூரி மாணவர்களே இந்த இடத்தில் தடுமாறுவதுண்டு. உரிமைப் பட்டியல் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. அடுத்த வீட்டுக்காரரையோ கடைக்காரரையோ கட்டுப்படுத்த வேறு சட்டங்கள் இருக்கின்றன. இதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இதை ஒட்டி, நம்மைப் போல் விசாவிலும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) வரிசையிலும் நிற்கும் குடும்பங்கள் பிள்ளைகளிடம் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1868இல் வந்த பதினான்காவது திருத்தம் சட்டத்தின் சமப் பாதுகாப்பை 'குடிமகன்' என்று சொல்லித் தரவில்லை, 'எந்த நபருக்கும்' என்றுதான் சொல்கிறது. 1886இல் யிக் வோ வழக்கில் சான் பிரான்சிஸ்கோவில் சலவைக் கடை நடத்திய சீனர்களுக்கு, அவர்கள் குடியுரிமை இல்லாதவர்கள் என்று தெரிந்தே, உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. "நமக்கு ஓட்டு இல்லை, இதெல்லாம் நமக்கு எதற்கு" என்று வீட்டில் பேசும் பெற்றோரே, தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை இங்கேயே பிறந்த குடிமகளாக இருக்கலாம். ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை என்று நம்மிடமிருந்தே அவள் கற்றுக்கொள்வாள்.

'ஆர்கியூமென்ட் வார்ஸ்' எட்டாம் வகுப்புக்கு மேல் பொருந்தும். உண்மையாக உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளை எடுத்து, ஏதாவது ஒரு தரப்பில் நின்று, கையிலுள்ள சீட்டுகளில் இருந்து வாதங்களைப் பொறுக்கி நீதிபதி முன் வைக்க வேண்டும். பள்ளிகளில் நிறவெறிப் பிரிவினையை முறியடித்த பிரவுன் வழக்கு, ஏழைக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்ற கிடியன் வழக்கு, கைதானவருக்கு உரிமையைச் சொல்லியாக வேண்டும் என்ற மிராண்டா வழக்கு எல்லாம் இருக்கின்றன. நியூ ஜெர்சிக்காரர்கள் முதலில் எடுக்க வேண்டியது டி.எல்.ஓ. வழக்கு. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் மிடில்செக்ஸ் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது), பிஸ்காட்டவே உயர்நிலைப் பள்ளியில் 1980இல் நடந்த சம்பவம் அது. கழிவறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட பதினான்கு வயது மாணவியின் கைப்பையைத் துணை முதல்வர் சோதனையிட்டார். மாணவி சிறுமி என்பதால் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே ஆவணத்தில் இருக்கின்றன. 1985இல் தீர்ப்பு வந்தது. நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் செல்லும், ஆனால் காவல்துறைக்குத் தேவைப்படும் அளவு வலுவான காரணம் பள்ளிக்குத் தேவையில்லை, நியாயமான சந்தேகம் போதும் என்றது நீதிமன்றம். ஆறு நீதிபதிகள் பள்ளியின் பக்கம், மூவர் மாறுபட்டனர். அந்த ஆறு பேரில் ஓ'கானரும் ஒருவர்.

என் அண்ணன் மகன் மாணவியின் தரப்பைத் தேர்ந்தெடுத்தான். தன் புத்தகப் பையை இழுத்து அணைத்துக்கொண்டே விளையாடினான். வழக்கோடு ஒட்டாத வாதத்தை வைத்தால் எதிர்த்தரப்பின் ஆட்சேபத்தில் அடிபட்டுப் போகும். "பாவம், சின்னப் பெண்" என்ற வகை வாதங்கள் எடுபடவில்லை, பையில் இருப்பதைப் பார்க்க என்ன காரணம் இருந்தது என்ற வாதம்தான் நின்றது. தான் பஸ் ஏறும் ஊருக்கு அடுத்த ஊரில் நடந்த விஷயம் வாஷிங்டன் வரை போயிருக்கிறது என்று தெரிந்தபோது என் மகளின் கண்கள் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே!

தேர்தல் விளையாட்டான 'வின் த ஒயிட் ஹவுஸ்' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விறுவிறுப்பானது. மாநிலவாரியாகப் பிரித்துத் தரப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் வெற்றிக்குத் தேவையான 270 எப்படிச் சேர்கிறது என்பது புரிந்துவிடும். பிள்ளைகள் இதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஜனநாயகம் என்றால் ஜனாதிபதித் தேர்தல் மட்டும்தான் என்ற எண்ணத்தை இது வளர்த்துவிடக் கூடாது என்பதால் நான் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

அதிகம் பேர் சீண்டாத 'கவுன்ட்டீஸ் வொர்க்' விளையாட்டைத்தான் நான் வற்புறுத்திச் சொல்வேன். பிள்ளை ஒரு கவுன்ட்டியின் பொறுப்பாளர். மக்கள் கோரிக்கைகளோடு வருவார்கள். எந்தக் கோரிக்கை எந்தத் துறைக்குப் போக வேண்டும், பணம் இருக்கிறதா, வரியை ஏற்றினால் அடுத்த தேர்தலில் என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். பார்க்க ஆரவாரம் இல்லாத விளையாட்டு. ஆனால் வீட்டு வாசலில் இருந்து நூறு அடிக்குள் நடக்கும் அரசாங்கம் இதில்தான் தெரிகிறது.

எங்களுக்கு இது எப்படிக் கைகொடுத்தது என்று சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் சாலையைக் கடக்கக் கோடுகள் இல்லை. வண்டிகள் வேகமாக வருகின்றன. மகளை அழைத்துக்கொண்டு எங்கள் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனேன். நியூ ஜெர்சியில் 1975ஆம் ஆண்டின் பொதுக் கூட்டங்கள் சட்டப்படி, நகராட்சி மன்றமும் பள்ளி வாரியமும் தங்கள் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே தீர வேண்டும். வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒலிவாங்கி முன் நின்று பெயர், முகவரி சொல்லிவிட்டு நான் பேசினேன். மகள் எழுதிக் கொடுத்த தாளைத்தான் படித்தேன்: எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளை வளைவு மறைக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தாள்.

மன்றத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தச் சாலை நகராட்சியுடையது இல்லை, கவுன்ட்டியுடையது என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. மகளுக்கு வாடவில்லை. வெளியே வந்ததும் நேராகச் சாலையோரக் கம்பத்தைக் காட்டினாள். நீல நிறத்தில் ஐந்து மூலையுள்ள பலகை, மஞ்சளில் எண். "அம்மா, இதுதான் கவுன்ட்டி ரோட்டின் அடையாளம். கோரிக்கை தப்பான மேசைக்குப் போயிருக்கிறது, சரியான மேசைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்" என்றாள். விளையாட்டில் அவள் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான். அன்றிரவே கவுன்ட்டி பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம், கவுன்ட்டி ஆணையர்கள் குழுவுக்கு அதன் நகல். போக்குவரத்தை ஆய்வு செய்வதாகப் பதில் வந்திருக்கிறது. கோடு விழும்வரை நாங்கள் விடப்போவதில்லை.

இந்தத் தொகுப்பில் குறை என்று நான் சொல்வதும் இங்கிருந்தே வருகிறது. குடிமகன் இதில் பெரும்பாலும் கட்சிக்காரராகவோ வாக்காளராகவோ கோரிக்கையோடு வருபவராகவோதான் தென்படுகிறார். பதவியில் இருப்பவரின் நாற்காலியில் பிள்ளையை உட்கார வைப்பதில் இவர்களுக்கு இருக்கும் திறமை அபாரம். எதிரே, ஒலிவாங்கிக்கு முன்னால், மூன்று நிமிடத்தில் தன் தெருவுக்காகப் பேச வேண்டியவரின் இடத்தில் உட்கார வைக்கும் அனுபவமும் அதே அளவுக்கு வேண்டும். தகவல் கேட்டு விண்ணப்பிப்பது, அண்டை வீட்டாரிடம் கையெழுத்து வாங்குவது, இரண்டாம் முறை போய் நிற்பது எல்லாம் விளையாட்டாக்கத் தகுந்தவைதாம். மொழி பற்றியும் ஒரு வார்த்தை: சில விளையாட்டுகள் ஸ்பானிஷிலும் கிடைக்கின்றன. தமிழில் இல்லை. ஊரிலிருந்து வந்து பேரப் பிள்ளைகளோடு தங்கும் தாத்தா பாட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பிள்ளைகளையே தமிழில் விளக்கச் சொல்லுங்கள். என் மாமியாருக்கு நான்காவது திருத்தத்தை விளக்கிய அன்றுதான் என் மகளுக்கே அது முழுதாகப் புரிந்தது.

குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களுக்கும் இது உதவும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் கேள்வித் தொகுப்பு 128 ஆகிவிட்டது. அதில் 20 கேட்கிறார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். முன்பு 100இல் 10 கேட்டு 6 போதும் என்றிருந்தது. மூன்று கிளைகள் எவை, எது எதைத் தடுக்கிறது என்ற வகைக் கேள்விகளுக்குப் பிள்ளைகளோடு 'பிராஞ்சஸ் ஆஃப் பவர்' விளையாடியவர் அட்டையைப் புரட்ட வேண்டியதில்லை.

மொத்தத் தொகுப்புக்கும் என் மதிப்பீடு ஐந்துக்கு நான்கரை. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உரிமைப் பட்டியல் பதிப்பில் தொடங்குங்கள். ஏழாம் வகுப்பில் 'பிராஞ்சஸ் ஆஃப் பவர்', ஆனால் தனியாக வேண்டாம், மூன்று பேராக. அதன் பிறகு 'கவுன்ட்டீஸ் வொர்க்', கையோடு உங்கள் ஊர் நகராட்சிக் கூட்டம். கூட்ட நிரல் நகராட்சியின் இணையதளத்தில் முன்கூட்டியே இருக்கும். பிள்ளையை அதைப் படிக்கச் சொல்லி, எந்த விஷயத்தைப் பற்றிப் பேசலாம் என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.